பிராக் நகரில் பூத்த தாழை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் நோக்கிச் செல்லும் கடற்கரையில், மணல் மேடுகளின் மேல் தாழைப் புதர்கள் நிற்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். சென்ற ஆண்டு களப்பயணத்தின்போது எங்கள் வகுப்பும் அங்கே சென்றது. முட்டு வேர்களைப் பார்த்தோம். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதையும், மணம் வீசுவது ஆண் பூங்கொத்தே என்பதையும் ஏட்டில் குறித்துக்கொண்டோம். தாவரவியல் பெயர் பாண்டனஸ் ஓடோரிஃபர். அந்தப் பெயரைப் பற்றி மேலும் அறியத் தேடியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரில், சார்லஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இந்தியவியல் அறிஞர்கள் 1998-இல் தொடங்கி, ‘பாண்டனஸ்’ என்ற பெயரிலேயே கருத்தரங்கத் தொகுதிகளை வெளியிட்டிருக்கிறார்கள். பொருள், இந்திய இலக்கியங்களில் இயற்கை. சங்கப் பாடல்களும் வடமொழிக் காவியங்களும் அங்கே ஒருங்கே ஆராயப்படுகின்றன.

பனி பொழியும் நாட்டில் நெய்தல் நிலத்துத் தாழைக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே போனவனுக்குக் கிடைத்தது, பல்கலைக்கழக நிர்வாகம் பற்றிய ஒரு பாடம். அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

முதலில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமில் சுவெலபில் என்ற பெயரைத் தமிழ்த் துறை நண்பர்கள் நன்கு அறிவர். அவர் பிராகில் பிறந்தது 1927 நவம்பர் 17. அவருடைய பன்னிரண்டாவது பிறந்த நாளன்று, அதாவது 1939 நவம்பர் 17 அன்று, நாஜிப் படையினர் செக் பல்கலைக்கழகங்கள் அனைத்தையும் இழுத்து மூடினர். மாணவர் தலைவர்கள் உள்ளிட்ட ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 1200 மாணவர்கள் சித்திரவதை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். போர் முடிந்து கதவுகள் திறந்தன. சுவெலபில் மாணவராகச் சேர்ந்தார். அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே, 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. எனினும் அவர் தமிழைக் கற்றார், கற்பித்தார், மொழிபெயர்த்தார். 1964 ஜனவரியில் புது தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியபோது, தனிநாயகம் அடிகளாருடன் சேர்ந்து அதன் செயலாளர் பொறுப்பை ஏற்றவர் இவரே. இரும்புத் திரை என்று உலகம் பேசிக்கொண்டிருந்த நாட்களில், அந்தத் திரையின் உள்ளிருந்து ஒருவர் தமிழுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது சிறிய செய்தியன்று.

1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தேறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 நள்ளிரவில் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. பல்கலைக்கழகங்களில் களையெடுப்பு நிகழ்ந்தது. எந்தப் பேராசிரியர் படையெடுப்பை ஆதரிக்கிறார், எவர் எதிர்க்கிறார் என்று விசாரித்து, நூற்றுக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சுவெலபில் குடும்பத்துடன் நாட்டைவிட்டு வெளியேறினார். பிற்காலத்தில் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் திராவிட மொழியியல் பேராசிரியராக விளங்கி, 2009-இல் பிரான்சில் மறைந்தார். நாம் பெற்ற நன்மை அதிகம். அவருடைய புகழ்பெற்ற ஆங்கில நூல்கள் பல வெளிநாட்டில் இருந்தபோது எழுதப்பட்டவையே. பிராக் நகரம் இழந்ததோ தன் தமிழாசிரியரை.

வழக்கமாக இத்தகைய கதைகள் இவ்விடத்தில் முடிந்துவிடும். ஒருவர் போனார், துறை மூடப்பட்டது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். பிராகில் அப்படி நேரவில்லை. காரணம், யாரொஸ்லாவ் வாசெக் என்ற மற்றோர் அறிஞர். 1943-இல் பிறந்த இவர் அங்கேயே தங்கினார். சமஸ்கிருதமும் தமிழும் கற்பித்தார். திராவிட மொழிகளையும் மங்கோலிய மொழியையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். மேல்நாடுகளுக்கு எளிதில் போக முடியாத காலத்தில் மங்கோலியாவுக்குப் போக முடிந்தது. கிடைத்த வழியில் ஆராய்ச்சி போயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது. வெளியேறியவர்களை வீரர்கள் என்றும் தங்கியவர்களைப் பணிந்தவர்கள் என்றும் பேசும் வழக்கம் உண்டு. நான் அதற்கு உடன்பட மாட்டேன். வகுப்பறையில் நான்கு மாணவர்களுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருபது ஆண்டுகளைக் கடத்துவதற்கும் மனவலிமை வேண்டும்.

அந்தப் பொறுமைக்குப் பயன் கிடைத்தது 1989-இல். அவ்வாண்டு, சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் வாசெக்கும் ச. வே. சுப்பிரமணியனும் சேர்ந்து உருவாக்கிய தமிழ் வாசகநூலை வெளியிட்டது. வெளிநாட்டு மாணவர்களைச் சங்க இலக்கியத்துக்கு அழைத்துச் செல்லும் நூல் அது. அதே ஆண்டு நவம்பர் 17 அன்று, நாஜிகளின் கொடுமை நிகழ்ந்த ஐம்பதாம் ஆண்டை நினைவுகூரப் பிராக் மாணவர்கள் ஊர்வலம் சென்றனர். காவலர்கள் தடியால் அடித்தனர். ஆறு வாரங்களுக்குள் ஆட்சி மாறிவிட்டது! ஊர்வலம் போனவர்கள் நம்மைப்போல் இருபது வயதினர்.

இனிமேல்தான் நிர்வாகம் வருகிறது. ஆட்சி மாறியதும் அவர்கள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, 1990 மே மாதம் புதிய உயர்கல்விச் சட்டம் இயற்றியது. பல்கலைக்கழகத்தைக் கட்சியின் பிடியிலிருந்து விடுவித்து, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்த கல்விப் பேரவையிடம் ஒப்படைத்தார்கள். 1998-இல் வந்த அடுத்த சட்டம் இதை இன்னும் தெளிவாக வரையறுத்தது. பேரவை உறுப்பினர்களுள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், பாதிக்கு மேற்படாமல் மாணவர்கள் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத் தலைவரைப் பேரவை முன்மொழியும். குடியரசுத் தலைவர் நியமிப்பார். 1990-இல் சார்லஸ் பல்கலைக்கழகத் தலைவரான ராதிம் பாலௌஷ் யார் தெரியுமா? ‘சாசனம் 77’ என்ற உரிமை அறிக்கையில் கையொப்பமிட்டதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து விரட்டப்பட்டு, கொதிகலன் அறையில் வேலை செய்த தத்துவ ஆசிரியர்!

எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ‘செனட்’, ‘சிண்டிகேட்’ என்ற சொற்களைத் தேர்வுக் கட்டண அறிவிப்பில் எங்கோ பார்த்ததோடு சரி. பாதி இடம் மாணவர்க்கு என்று படித்தபோது, நம்முடைய செனட்டில் யார் அமர்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. தேடித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்து வருகிறது. ஆளுநர் வேந்தராகவும், உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தராகவும் இருப்பது இதன் அமைப்பு. நாம் படிக்கும் பாடங்களை வகுப்பது பாடத்திட்டக் குழு. 1978-இல் தமிழ்நாட்டில் எட்டுக் கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப்பட்டபோது, இன்று நம் மாவட்டத்தில் அடங்கும் தாம்பரத்துக் கிறித்தவக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. பாடத்தைத் தாமே வகுக்கலாம், தேர்வைத் தாமே நடத்தலாம் என்ற அந்த ஏற்பாடு அன்று நாட்டுக்கே புதிது.

சட்டம் நன்றாக இருந்தாலே போதுமா? போதாது என்பதை இரு நாடுகளும் காட்டுகின்றன. செக் நாட்டில் பேராசிரியர் பட்டத்தைக் குடியரசுத் தலைவர் வழங்குவது வெறும் சடங்கு என்றே எண்ணியிருந்தார்கள். 2013-இல் குடியரசுத் தலைவர் மிலோஷ் சேமன், சார்லஸ் பல்கலைக்கழகத்தின் இலக்கிய ஆய்வாளர் ஒருவருக்குக் கையொப்பமிட மறுத்தார். நாடே கொதித்தது, பின்னர் இறங்கி வந்தார். நம் பக்கம், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி 2023 ஆகஸ்டில் காலியாகி, அடுத்த ஆண்டு முழுவதும் காலியாகவே கிடந்தது. தேடல் குழுவில் யார் யார் இடம்பெற வேண்டும் என்பதில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இருந்த கருத்து வேறுபாடே காரணம். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற இரண்டாம் ஆண்டு மாணவனுக்குத் தகுதி இல்லை. ஆனால் காத்திருந்தவர்கள் பட்டம் பெற வேண்டிய மாணவர்களே என்பதைச் சொல்லத் தகுதி உண்டு. ஹங்கேரியின் கதை இதைவிடக் கடுமையானது. கம்யூனிசம் வீழ்ந்தபின் 1991-இல் தொடங்கப்பட்ட மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தை, 2017-இல் இயற்றிய ஒரு சட்டத்தால் அந்நாட்டு அரசு நெருக்கிற்று. அது 2019-இல் வியன்னாவுக்கு இடம்பெயர்ந்தது. அந்தச் சட்டம் தவறு என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2020 அக்டோபரில். அதற்குள் வகுப்புகள் வியன்னாவில் நடந்துகொண்டிருந்தன.

பணம் மற்றொரு சங்கதி. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. மறு ஆண்டு ரஷ்யாவில் விலைவாசி ஏறத்தாழ 2500 சதவீதம் உயர்ந்தது. ஆசிரியர் சம்பளம் ரொட்டிக்கும் போதவில்லை. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி அக்காலத்தையும் தாண்டி வகுப்பெடுத்தார். 2020 நவம்பரில் கொரோனா தொற்றால் மறைந்தார். சுதந்திர நாடுகளில் கட்சி அதிகாரி வருவதில்லை. கணக்கு அதிகாரி வருகிறார். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்கு மூடுவிழா அச்சம் எழுந்து, 2021-இல் தமிழ்நாடு அரசு 1.25 கோடி ரூபாய் உதவ முன்வந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் நமக்குத் தொலைவில் இல்லை. அங்குள்ள பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. ஒரு கல்விக்கூடம், மாணவர் விடுதி, பதினைந்து படுக்கை கொண்ட மருத்துவமனை ஆகியவற்றின் செலவுக் கணக்கு அதில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆசிரியர்க்கு எவ்வளவு நெல், மாணவர்க்கு எவ்வளவு உணவு, விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். ஓலையில் எழுதாமல் ஏன் கல்லில் வெட்டினார்கள்? அடுத்து வருகிறவர் மனம் மாறினாலும் கணக்கு மாறக்கூடாது என்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். 1990-இல் பிராகில் சட்டம் எழுதியவர்கள் மனத்திலும் ஏறத்தாழ அதே கவலை இருந்திருக்க வேண்டும். ஒரு வேறுபாடு: திருமுக்கூடலில் அறுபது மாணவர்க்குச் சோறு அளந்தார்களே தவிர, அவர்களிடம் யோசனை கேட்டதாகக் கல்லில் இல்லை.

வாசெக் 2017 ஜனவரியில் காலமானார். அவருடைய குழுவினர் தொகுத்த தாவரப் பெயர்த் திரட்டு ஒன்றும் பிராகிலிருந்து வெளிவந்திருக்கிறது. சமஸ்கிருதம், தமிழ் முதலிய மொழிப் பெயர்களும் லத்தீன் பெயரும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன. என் செய்முறை ஏட்டில் ‘பாண்டனஸ் ஓடோரிஃபர்’ என்ற வரிக்கு எதிரே ‘தாழை, நெய்தல்’ என்று நானும் எழுதிவைத்தேன். திருத்திய விரிவுரையாளர், இது தேர்வுக்குத் தேவையில்லையே என்று சொல்லிவிட்டு, அடிக்காமல் கையொப்பமிட்டார்.