காட்டுக்கு ஒரு கத்தி: முதன்முறை வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

1982-இல் வந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்தில் ராம்போ இடுப்பில் தொங்கிய கத்தியை அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக் கத்திக் கலைஞர் ஜிம்மி லைல் செய்துகொடுத்தார். முதுகில் ரம்பப் பல், குழாய் மாதிரி உள்ளீடற்ற பிடி, அதற்குள் தீக்குச்சியும் ஊசி நூலும். லைல் கைத்தேர்ச்சி உள்ளவர்; அவர் செய்தது நல்ல கத்தி. அதைப் பார்த்துப் புற்றீசலாகக் கிளம்பிய மலிவு நகல்களுக்கு அந்தக் கைத்தேர்ச்சி இல்லை. இன்றும் ‘சர்வைவல் கத்தி’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை அவற்றின் வாரிசுகள்தான்.

பார்க்க மிடுக்காக இருக்கும். தக்காளியை நறுக்கினால் நசுக்கும். விறகைப் பிளந்தால் பிடி கழன்று கையில் நிற்கும். முகாமில் கத்திக்குக் கிடைப்பதெல்லாம் சில்லறை வேலை. அதனால் முதல் கத்தி சின்னதாகவும் மெல்லியதாகவும் எந்த ஜோடனையும் இல்லாததாகவும் இருக்கட்டும் என்பதே இந்த வழிகாட்டியின் கட்சி. இங்கே பேசுவது மடங்காத கத்தியைப் பற்றி. கடைக்காரர்கள் ‘ஃபிக்ஸட் பிளேடு’ என்பார்கள்.

படி 1: போகிற இடத்தில் கத்திக்கு அனுமதி உண்டா?

பலரும் கத்தியை வாங்கிய பிறகே இதைக் கேட்கிறார்கள். முதலில் கேட்டால் காசு மிச்சமாகலாம்.

இந்தியாவில் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரிடமோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரிடமோ எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும் என்கிறது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு. அந்தச் சட்டம் ‘ஆயுதம்’ என்று அடுக்கும் பட்டியலில் துப்பாக்கி, வில், வலை, கண்ணி ஆகியவற்றோடு கத்தியும் இருக்கிறது. தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான். ஆக, முதுமலைக்கோ களக்காடு முண்டந்துறைக்கோ போகிறவர் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவைத்துவிட்டு நல்ல காலணி வாங்கப் போகலாம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறியவர்கள் பலர் இறந்தபின் தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகின. இப்போது வனத்துறை நடத்தும் ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகளில் வழிகாட்டி கூடவே வருவார். அங்கே தீ மூட்டவும் வேண்டாம், விறகு பிளக்கவும் வேண்டாம். கத்திக்கு வேலையே இல்லை.

மிச்சம் இருப்பவை தனியார் தோட்ட முகாம்கள், சொந்த நிலம், பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே உள்ள சில மலைப்பாதைகள். அங்கும் நீளத்தைக் கவனியுங்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்தியை, அது வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ செய்யப்பட்டதாக இல்லாவிட்டால், நம் ஆயுத விதிகள் ஆயுத வகையில் சேர்த்துவிடுகின்றன. நாம் வாங்கப்போவது அதில் பாதி நீளம்கூட இருக்காது. விமானத்தில் போனால் சரக்கில் ஏற்றும் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும், கைப்பையில் கூடாது.

நார்வே, ஸ்வீடன், பிரிட்டன் போன்ற நாடுகளில் வாழும் நம்மவர்களுக்குக் காடும் ஏரிக்கரை முகாமும் வார இறுதிப் பழக்கம். அங்கெல்லாம் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். முகாமுக்குப் போவது தக்க காரணம். அதற்காக வழியில் கடைத்தெருவில் இடுப்பில் கட்டிக்கொண்டு உலாவ முடியாது. பைக்குள் அடியில் வையுங்கள். நார்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டப் பொதுத் தடை உண்டு. விறகுக்காகக் கத்தி வாங்குகிறவர் இந்த மாதங்களைக் கழித்துக் கணக்குப் போடட்டும்.

படி 2: மடக்குக்கத்தி போதுமா என்று பாருங்கள்

ஒரு நாள் நடைக்குப் போதும். கயிறு அறுக்க, பிஸ்கட் பாக்கெட் பிரிக்க, ஆப்பிள் நறுக்கச் சிறு ஸ்விஸ் கத்தியே மேல். இரவு தங்கி, தீ மூட்டி, கூடார முளை சீவி, சமைத்தும் சாப்பிடுகிறவருக்குத்தான் மடங்காத கத்தி வேண்டும். அதில் பழுதாகக் கீல் இல்லை, அழுக்கு சேர இடுக்கு இல்லை, ஈரக் கையோடு ஒரே இழுப்பில் எடுக்கலாம். மரம் வெட்ட இரண்டுமே உதவாது. அதற்குக் கோடாரியோ மடக்கு ரம்பமோ வேண்டும்.

படி 3: பிடிக்குள் என்ன இருக்கிறது?

அலகின் எஃகு பிடிக்குள்ளும் தொடரும். அந்தத் தொடர்ச்சிக்கு ‘டேங்’ என்று பெயர். கத்தி உடையும் இடம் பெரும்பாலும் இதுதான்.

மழைக்காட்டில் நனைந்து கிடக்கும் விறகின் வெளிப்பக்கம்தான் ஈரம், உள்ளே காய்ந்திருக்கும். மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே கத்தியை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டிப் பிளந்தால் அந்தக் காய்ந்த நெஞ்சு கிடைக்கும். அதைச் சுருள் சுருளாகச் சீவினால் ஒரே தீக்குச்சியில் பற்றும். ஈரமான ஊரில் கத்தியால் கிடைக்கும் ஆகப்பெரிய உபகாரம் இதுதான். இந்தத் தட்டலைத் தாங்குகிறதா என்பதே டேங்குக்கு வைக்கும் பரீட்சை.

முழு டேங் என்றால் எஃகு பிடியின் அகலம் முழுக்க ஓடிக் கடைசி வரை வரும். இரு பக்கமும் பிடிச் சில்லுகளை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். ஓரத்தில் எஃகுக் கோடு கண்ணுக்குத் தெரியும். நம்பி வாங்கலாம், கொஞ்சம் கனம் கூடும். குச்சி டேங் என்றால் எஃகு ஒடுங்கிப் பிடிக்குள் நுழைந்திருக்கும். இதைக் கேவலமாகப் பேசுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அமெரிக்க மரைன் படை இரண்டாம் உலகப்போரில் சுமந்த கா-பார் கத்தி இந்த வகைதான். ஸ்வீடனின் மோரா ஊரில் தலைமுறைகளாகச் செய்யப்படும் கத்திகளில் மிகப் பிரபலமான ‘கம்பேனியன்’ மாதிரியிலும் எஃகு பிடியின் கடைசி வரை போவதில்லை; இருந்தும் நிதானமாகத் தட்டினால் தாங்கும். அதே நிறுவனத்தின் ‘கார்பெர்க்’ முழு டேங் கொண்டது, விலையும் அதற்கேற்ப ஏறும். உள்ளீடற்ற குழாய்ப் பிடியில் அலகு பிடியின் வாயோடு நின்றுவிடும். அதைத் தொடவே வேண்டாம்.

படி 4: உள்ளங்கையால் அளந்து பாருங்கள்

கனடாவின் காட்டுவாழ்க்கை ஆசான் மோர்ஸ் கொகான்ஸ்கி தந்த அளவுகோல் எளிது: அலகின் நீளம் உங்கள் உள்ளங்கையின் அகலம் இருந்தால் போதும். அதில் பாதி முதல் இரண்டு மடங்கு வரை பரவாயில்லை என்றும் இடம் விட்டிருக்கிறார். பெரியவர் கைக்கு 9 முதல் 11 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஸ்வீடன் விமானப்படை தன் விமானிகளுக்காகத் தேர்ந்தெடுத்த ஃபால்க்னிவன் எஃப்1 கத்தியின் அலகு 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விமானம் விழுந்து பனிக்காட்டில் தனியே நிற்கப்போகிறவனுக்கே அது போதும் என்றால், இரண்டு நாள் முகாமுக்கு ஒரு முழ நீளம் எதற்கு? கா-பார் 18 சென்டிமீட்டர் நீளம் உள்ளதே என்றால், அது சண்டைக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது.

தடிமன் 2.5 முதல் 3.5 மில்லிமீட்டர். கம்பேனியன் 2.5, எஃப்1 சுமார் 4.5. தடித்த அலகு விறகை ஆப்புப்போலப் பிளக்கும், வெங்காயத்தையும் அப்படியே பிளக்கும். முகாமில் விறகைவிட வெங்காயம்தான் அதிகம்.

படி 5: எஃகு

இதில் தலையைக் கொடுத்தால் மீள்வது கடினம். எண்களும் எழுத்துகளும் கலந்த பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தொடக்கக்காரருக்கு ஒரே கேள்விதான்: துருப்பிடிப்பதா, பிடிக்காததா?

கார்பன் எஃகு சாணைக்கு எளிதில் இணங்கும். 1095 என்ற எஃகில் சுமார் 0.95 சதவீதம் கார்பன். ஆனால் வியர்வை, எலுமிச்சைச் சாறு, கடற்காற்று எது பட்டாலும் கறுக்கும், விட்டால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். துருவை வெகுநாள் தள்ளிப்போடும், சாகாவரம் அல்ல. சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற புழுக்கமான ஊர்க்காரர்களுக்கு நான் ஸ்டெயின்லெஸ்தான் சொல்வேன். 12சி27, 14சி28என் இரண்டும் ஸ்வீடனின் எஃகு வகைகள். விலைக்கு மோசம் போகாது. டி2 எஃகில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் அதில் ஒரு பங்கு கார்பனோடு பிணைந்துவிடுவதால் துருவுக்கு முழுப் பாதுகாப்பு கிடைக்காது. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த எஃகு என்று சொல்ல விரும்பவில்லை என்று பொருள்.

எஃகின் பெயரைவிட அதைக் காய்ச்சித் தோய்த்துப் பதம் பார்த்த விதம் பெரிது. கடினம் ராக்வெல் அளவில் 56 முதல் 60-க்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் விளிம்பு சில்லு உதிர வாய்ப்பு கூடும், கீழே இறங்கினால் சீக்கிரம் மழுங்கும்.

உள்ளூர்ப் பட்டறையில் அடித்து வாங்கலாமா? தாராளமாக. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் நல்ல கத்தி வரும், அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களில் கைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அரிவாள் ஓங்கி வெட்டுவதற்கு, காட்டுக்கத்தி சீவுவதற்கு. நீளம், தடிமன் இரண்டையும் தாளில் வரைந்து கொடுங்கள். சொல்லாவிட்டால் ஆசாரி பழகிய கனத்தில்தான் அடிப்பார்.

படி 6: கூர்ச்சரிவும் முதுகும்

அலகின் பக்கவாட்டில் ஒரே அகலமான சரிவு நேரே விளிம்பு வரை இறங்கினால் அது ஸ்காண்டி வகை. புதியவருக்கு இதுவே உத்தமம்: அந்தச் சரிவைச் சாணைக்கல்லில் படிய வைத்தால் கோணம் தானாக அமையும், யூகிக்க வேண்டாம். முதுகிலிருந்தே சரிந்து வரும் தட்டைச் சீவல் காய்கறிக்கு இன்னும் இதமாக இருக்கும். உட்குழிந்த சீவல் கூர் பார்க்க அபாரம், விறகுக்கு மெலிவு.

முதுகு சதுர விளிம்போடு இருக்கட்டும். தீப்பொறிக்கான ஃபெரோ கம்பியை அதனால் உரசலாம். பொறி கம்பியிலிருந்து வருகிறது, ஆகையால் ஸ்டெயின்லெஸ்ஸும் கார்பனும் இதில் சமம். சிக்கிமுக்கிக் கல்லில் தட்டிப் பொறி எடுக்க ஆசைப்பட்டால் மட்டும் கார்பன் வேண்டும். முதுகில் ரம்பப் பல் இருந்தால் கட்டையால் தட்ட முடியாது, அது ரம்பமாகவும் அறுக்காது. விளிம்பில் பாதி பல், பாதி நேர் என்று வருவதும் வேண்டாம். சாணை பிடிக்க வாதை.

படி 7: கையில் எடுத்துப் பாருங்கள்

கண்ணை மூடிக்கொண்டு பிடியுங்கள். கூர்ப்பக்கம் எது என்று கைக்குத் தெரிய வேண்டும். விரல் வளைவுகள் செதுக்கிய பிடி பட்டியலில் அழகு. அந்த வளைவு உங்கள் விரலுக்கு வெட்டப்பட்டதல்ல. வழவழப்பான பிளாஸ்டிக் வியர்வையில் வழுக்கும். ரப்பர், மைக்கார்ட்டா, எண்ணெய் ஊறிய மரம் மூன்றும் நல்லவை. விரல் நழுவி அலகுக்குப் போகாதபடி முன்பக்கம் சின்னத் தடுப்பு இருக்க வேண்டும்.

விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே மழுக்கம். உறையில் போட்டுத் தலைகீழாக உலுக்குங்கள். விழுந்தால் கத்தி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாங்காதீர்கள். மழைக்காட்டுக்குத் தோல் உறையைவிடப் பிளாஸ்டிக் உறை மேல், அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா பாருங்கள்.

படி 8: காட்டுக்கு முன் கொல்லைப்புறம்

வாங்கிய வாரமே ஒரு கட்டு விறகோடு உட்காருங்கள். கையை நீட்டி ஒரு வட்டம் போட்டால் அதற்குள் யாரும் இருக்கக் கூடாது, முக்கியமாகக் குழந்தைகள். உடலை விட்டு வெளிப்பக்கமாகவே சீவுங்கள். தொடைகளுக்கு நடுவில் வைத்துச் சீவுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. தொடையின் உட்பக்கம் பெரிய தமனி ஓடுகிறது, காட்டில் அது அறுந்தால் உதவி வந்து சேர நேரம் இருக்காது. முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, வேலையை முழங்காலுக்கு அப்பால் வைத்துக்கொள்ளுங்கள். விறகைத் தட்டிப் பிளக்கும்போது கணு இல்லாத கட்டையாகப் பாருங்கள். கத்தியை உடைப்பது கணுதான்.

சாணைக்கு 1000 எண் தண்ணீர்க்கல் ஒன்று போதும். ஸ்காண்டி சரிவைப் படிய வைத்து இரு பக்கமும் சமமாகத் தேயுங்கள், விளிம்பு முழுக்க மெல்லிய பிசிர் தட்டுப்படும் வரை; பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில் பின்னோக்கி இழுத்துப் பிசிரை எடுங்கள். முகாமிலிருந்து வந்ததும் கழுவி, துடைத்து, அலகில் சொட்டு எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் ஒரு பயணத்துக்குத் தாங்கும். மாதக்கணக்கில் வைப்பதானால் சிக்குப் பிடிக்காத, உணவுக்கு ஆகும் மினரல் எண்ணெய் நல்லது. தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை வாங்கி அலகுக்குக் கொடுக்கும். கத்தியைத் தனியே ஒரு துணியில் சுற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். முதலுதவிப் பையில் அழுத்திக் கட்டும் துணி தீர்ந்திருந்தால் அதையும் அன்றைக்கே நிரப்பிவிடுங்கள்.