லைசன்ஸ் வாங்கிய பிள்ளைகளுக்கு

சமவெளியிலும் மலையிலும் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். தெருவில் யார் புது வண்டி எடுத்தாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கிச் சாமி கும்பிட்டாயிற்று, நல்லது. இனி நான் சொல்வதையும் கேள்.

1. எட்டுப் போடும் மைதானத்தில் ஆடு குறுக்கே வராது, எதிர்த் திசையில் பால் வண்டியும் வராது. லைசன்ஸ் என்பது பழகத் தொடங்கலாம் என்ற அனுமதிதான். முதல் சில மாதங்கள் தெரிந்த சாலையில், பகல் வெளிச்சத்தில் ஓட்டு. பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவது முதல் மாதத்திலும் தப்பு, பத்தாம் வருஷத்திலும் தப்பு.

2. பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழையாதே. இதைத்தான் அழுத்திச் சொல்வேன். டிரைவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். முன்படிக்கட்டை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே வரும் ஸ்கூட்டர் அவர் கண்ணிலேயே படாது. ஸ்டாப்பில் நிறுத்த அவர் இடப்பக்கம் ஒதுங்கும் நேரத்தில்தான் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே புகுந்து வருவார்கள். படியிலிருந்து கீழே கால் வைக்கும் பாட்டிக்கும் உன்னைத் தெரியாது.

திருப்பத்தில் இன்னும் மோசம். இடப்பக்கத் தெருவுக்குள் திரும்ப வேண்டிய பஸ் முதலில் சற்று வலப்பக்கம் விலகும். அது உனக்கு விட்ட வழி இல்லை, திரும்ப அகலம் எடுக்கிறார். பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த இடத்தில் நீ நின்றால் ஹாரன் அடித்தும் பயன் இல்லை. பஸ்ஸின் கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லையா? அவருக்கும் நீ தெரியவில்லை. நம்பிக்கை வராவிட்டால், ஸ்டாண்டில் நிற்கும் பஸ்ஸில் டிரைவரிடம் கேட்டுக்கொண்டு அந்த சீட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்.

3. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. போனை இரண்டு நொடி பார்த்தால் 33 மீட்டர். கிட்டத்தட்ட மூன்று பஸ் நீளத்தை நீ கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறாய். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். புது டயரும் புது பிரேக்கும் இந்தக் கணக்கை மாற்றாது.

4. மலையில் எந்த கியரில் ஏறுவாயோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்கு. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை அணைத்து இறங்குவதும் கூடவே கூடாது. எஞ்சின் நின்றால் காரில் பிரேக் கல்லாய் இறுகும், ஸ்டியரிங் கனக்கும். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துகளைப் பற்றி எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் நியூட்ரல் பேச்சு வரும். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. சட்டமும் அதுதான், மலை மரியாதையும் அதுதான்.

5. முதல் மழையில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். டெல்டா பக்கம் போனால் அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயும், அதிலும் டயர் சறுக்கும். இரண்டிலும் திடீர் பிரேக் ஆகாது.

6. இரவில் உன் விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே உன் வேகம். பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் எந்த வளைவுக்குப் பின்னாலும் நிற்கலாம். எதிரே வண்டி வந்தால் டிம் அடி. அவன் அடிக்காவிட்டாலும் நீ அடி.

7. ஹெல்மெட் தலைக்கு, பெட்ரோல் டேங்குக்கு அல்ல. பட்டையை மாட்டு. பின்னால் உட்காருபவருக்கும் அது கட்டாயம்.

8. குடித்தால் சாவியைத் தொடாதே. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்று சட்டம் வைத்த வரம்பை நீ உட்கார்ந்து கணக்குப் போட வேண்டாம்.

9. இது பெற்றோருக்கு. பதினெட்டு ஆகாத மகனிடம் பைக்கைக் கொடுத்து, பக்கத்துக் கடைக்குத்தானே என்கிறீர்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அவன் குற்றம் செய்தால் பெற்றோரும் வண்டியின் உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும். 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசன்ஸ் கிடையாது.

10. ரோட்டில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் நிறுத்து. பின்னால் வருபவன் பார்த்துக்கொள்வான் என்று போகாதே. உன் வண்டியை ஓரமாக, விளக்கு மின்ன விட்டுவிட்டு 108-க்குக் கூப்பிடு. உதவியவரைக் கேஸில் இழுக்கக் கூடாது என்று சட்டமே பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லியும் வற்புறுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்றும் பார்ப்பதில்லை. இதை உன் வீட்டிலும் சொல்லி வை.