குழந்தைகளின் மூளைக்கட்டி: கதிரைக் குறைக்க முடியுமா?

கேள்வி: குழந்தைகளுக்கு வரும் மூளைக்கட்டி சிகிச்சையில் புதிதாக என்ன நடந்திருக்கிறது?
– வாசகி, குருசுக்குப்பம், புதுச்சேரி

பதில்: குழந்தைகளின் மூளைப் புற்றுக்கட்டிகளில் அடிக்கடி காணப்படுவது மெடுல்லோபிளாஸ்டோமா. சிறுமூளையில் வளரும், காலைத் தலைவலி, வாந்தி, தள்ளாட்டமான நடை ஆகியவற்றால் தெரியவரும். மரபணு அளவில் இது நான்கு வகை என்பது 2012-இல் உலக அளவில் ஏற்கப்பட்டது. அவற்றுள் ‘விண்ட்’ வகைப் பிள்ளைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். மெழுகில் பதித்து வைத்த திசுவிலிருந்தே மைக்ரோ ஆர்என்ஏ எனும் சிறு மூலக்கூறுகளைக் கொண்டு வகை பிரிக்கும் பிசிஆர் சோதனையை மும்பை டாடா நினைவு மைய ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டனர். விலைகூடிய கருவிகள் எல்லா ஊரிலும் இல்லாத நாட்டுக்கு இது பெரிய உதவி.

அறுவைக்குப் பின் மூளை, தண்டுவடம் முழுவதற்கும் தரும் கதிர்வீச்சு நோயை அடக்கும். ஆனால் பிள்ளையின் வளர்ச்சியையும் படிப்பையும் பாதிக்கும். ஆகவே விண்ட் வகைக்குக் கட்டி இருந்த இடத்தில் மட்டும் கதிர் தந்து பார்த்தது டாடா மையம். கதிர் படாத பகுதிகளில் சிலருக்கு நோய் திரும்பவே, ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. அந்தத் தோல்வியை மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. அடுத்து, மூளை, தண்டுவடம் முழுவதற்கும் வழக்கமான 23.4 கிரேவுக்கு (கிரே என்பது கதிர் அளவின் அலகு) பதில் 18 கிரே தரும் ஆய்வு தொடங்கியது.

தண்டுவடத்துக்கு முன்னாலுள்ள இதயம், குடல் ஆகியவற்றைக் கதிரிலிருந்து பெரும்பாலும் காப்பாற்றும் புரோட்டான் சிகிச்சை 2019 முதல் சென்னையில் உண்டு, செலவு அதிகம். மூளை அறுவையும் வழக்கமான கதிர் சிகிச்சையும் புதுச்சேரி ஜிப்மரிலேயே கிடைக்கின்றன.