வயல் மண்ணும் ஏரி வண்டலும்

இன்று தியாகராய நகரில் உலவுவோருள், அவ்விடத்தே ஏரிநீர் பரந்திருந்ததென அறிவார் சிலரே. மயிலாப்பூர் ஏரியின் படுகையில் 1923-ஆம் ஆண்டு தொடங்கி அந்நகர் எழுந்தது. ஏரிகள் நீரைத் தேக்கியதோடு மண்ணையும் காத்தன. அஃது எவ்வாறெனின் கூறுவாம்.

மடையினின்று விரைந்து பாயும் நீர், வயலின் நுண்மண்ணைக் கரைத்துச் செல்லும். பயிருக்குரிய சத்துப் பெரிதும் அந்நுண்மண்ணிலேயே உள்ளது. ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். ஆதலின், கலங்கி வெளியேறும் நீரைக் காணும் உழவன், தன் முதலே கரைகின்றதென உணர்தல் வேண்டும். நிலத்தைச் சமன்செய்தலும், வரப்பைச் செப்பனிடுதலும், சரிவுக்குக் குறுக்கே உழுதலும், நீரை அளவறிந்து மெல்ல விடுதலும் அவ்விழப்பைத் தடுக்கும் வழிகளாம்.

அவற்றுக்கும் தப்பிய மண், தாழ்விலுள்ள அடுத்த ஏரியில் வண்டலாய்ப் படியும். கோடையில் உழவர் அதனை வண்டியேற்றி வயலிற் பரப்புவர். இழந்த மண் இவ்வாறு மீளும். ஏரியைத் தூர்த்துவிடின் மண் மீளும் வழியும் அடைபடும். தமிழகத்தில் உழவர் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2017-ஆம் ஆண்டில் அரசு இசைந்தது நன்றே. மயிலாப்பூர் ஏரி மறைந்தது; எஞ்சிய ஏரிகளையேனும் காப்போமாக.