வெள்ளையை மட்டும் தேடலாம்!

கேள்வி: பனியன் கம்பெனி வேலை, ஞாயிறு மட்டும் லீவு. ஊட்டி, வால்பாறை போகாமல் திருப்பூரிலேயே இயற்கையைப் படம் பிடிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. ஊத்துக்குளி சாலைப் பக்கம் சர்க்கார் பெரியபாளையத்தில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகூட இங்கே வந்ததுண்டு. உள்ளூர்க்காரர்களில் பலர் எட்டிப் பார்த்ததே இல்லை என்பதுதான் வேடிக்கை.

போனதும் கண்டதையெல்லாம் படம் பிடிக்க வேண்டாம். ஒரு நாளுக்கு ஒரே கரு. பனியன் ஊருக்குப் பொருத்தமாக, ‘வெள்ளை’ என்றே தொடங்கலாம். தூரத்தில் எல்லாக் கொக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் பளிச்சென்ற மஞ்சள். மாடு மேயும் இடத்தில் நிற்கும் உண்ணிக்கொக்குக்கு அலகே மஞ்சள்.

வெயில் ஏறினால் வெள்ளை இறகு படத்தில் வெளிறிப்போய் வரிகளே தெரியாது. காலையிலேயே போய்விடுவது நல்லது. செல்போனிலும் திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். தொலைவுப் பறவைக்குச் செல்போன் எட்டாது; அதற்காகக் கூட்டருகே போய்விடக் கூடாது. தண்ணீரில் விழும் கொக்கின் பிம்பமும் வெள்ளைக் கணக்கில் சேர்த்திதான்.