மாங்கா போடுற கைக்கு ஒரு மெக்கானிக்ஸ் கிளாஸ்

டோல்கேட் பக்கம் தெருவுல கிரிக்கெட் ஆடினவங்களுக்கு 'மாங்கா'ன்னா என்னன்னு சொல்லத் தேவையில்லை. முழங்கையை மடக்கி, மாமரத்துல கல்லெறியற மாதிரி பந்தை எறியறது. சந்துல ரன்-அப்புக்கு இடம் இருக்காது. நின்ன இடத்துலேர்ந்து வேகம் வேணும்னா மாங்காதான். நானும் அப்படிப் பழகினவன்தான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நாலு மேட்ச். மறுநாள் பஸ்ல மேல் கம்பியைப் பிடிக்கக் கை எழும்பலை. "டென்னிஸ் பால்தானே மச்சி, அதுக்கா வலிக்குது?"ன்னு பசங்க சிரிச்சாங்க.

பதில் நம்ம முதல் வருஷ மெக்கானிக்ஸ்லயே இருக்கு.

டென்னிஸ் பந்து சுமார் 58 கிராம். ஒரு முழுக் கை, உடல் எடையில சுமார் 5 சதவீதம். நீங்க 60 கிலோன்னா கை மட்டும் 3 கிலோ, பந்தை விட 50 மடங்கு. பந்து போயிடும், கை நம்மகூடவேதான் இருக்கும். வேகமா வர்ற அந்த 3 கிலோவை நிறுத்தற பிரேக், தோளைச் சுத்தி இருக்கிற ரோட்டேட்டர் கஃப்ங்கிற சின்னத் தசைகள். கை பின்னாடி வளைஞ்சு முன்னாடி வீசத் தொடங்கறப்போ, முழங்கையோட உள்பக்க லிகமென்ட் இழுபடும்.

பேஸ்பால் பிட்சர் செய்யறதும் இதேதான். 1974-ல் டாமி ஜான்ங்கிற அமெரிக்க பிட்சருக்கு அந்த லிகமென்ட் போயிடுச்சு. டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவரோட இன்னொரு கையிலேர்ந்து ஒரு தசைநாணை எடுத்து அங்கே வச்சார். 1976-ல் திரும்பி வந்த டாமி ஜான், 1989 வரைக்கும் ஆடினார். அந்த ஆபரேஷனுக்கே இப்போ அவர் பேர்தான். இன்னிக்கு அமெரிக்காவுல 17, 18 வயசுப் பையன் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 105 பந்துதான் எறியலாம்னு வழிகாட்டுதல் இருக்கு. நாம யாராவது எண்ணியிருக்கோமா?

சரி, எப்படி எறியணும்?

முதல்ல உடம்பைச் சூடாக்குங்க. பத்து நிமிஷம் ஓட்டம், அப்புறம் கிட்ட நின்னு மெதுவான த்ரோ. எடுத்ததுமே பவுண்டரியிலேர்ந்து எறியாதீங்க.

ரெண்டாவது, பலம் கால்லேர்ந்து வரணும். பக்கவாட்டுல நின்னு, முன்காலை ஸ்டம்பை நோக்கி வைங்க. இடுப்பு முதல்ல திரும்பணும், அப்புறம் தோள், கடைசியாதான் கை. கால், இடுப்பு சும்மா இருந்தா அந்த வேலை முழுக்கத் தோள் தலையில விழும்.

மூணாவது, முழங்கை தோள் உயரத்துக்குக் கீழே தொங்க வேண்டாம்.

நாலாவது, எறிஞ்சதும் கையை வெடுக்குனு நிறுத்தாதீங்க. எதிர்ப்பக்க முழங்கால் வரைக்கும் போக விடுங்க. கேட்ச் பிடிக்கறப்போ கையைப் பின்னாடி இழுக்கறோம்ல, அதே கணக்கு. நிக்கற தூரம் கூடினா விசை குறையும்.

முழங்கை உள்பக்கமோ தோளோ வலிச்சா, ஸ்ப்ரே அடிச்சிட்டு அடுத்த ஓவர் போடாதீங்க. ஓய்வு எடுத்தும் போகலைன்னா பிசியோவைப் பாருங்க.

இன்னொரு விஷயம். ஐசிசி விதிப்படி பௌலிங்ல முழங்கை 15 டிகிரிக்கு மேல நிமிரக் கூடாது. அதனால மாங்கா சந்தோடயே நின்னுடும். சேலம் சின்னப்பம்பட்டியில டென்னிஸ் பால் ஆடி வந்த நடராஜன், 2015-ல் ரஞ்சியில அறிமுகமானதும் ஆக்‌ஷன் மேல புகார் வந்துச்சு. அவர் பழகின ஆக்‌ஷனை மாத்தி உழைச்சார். 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல இந்தியாவுக்கு ஆடினார். பழகின கையையும் மாத்த முடியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கோர் எழுதறவன்கிட்ட இன்னொரு காலம் போடச் சொல்லுங்க: யார், எத்தனை பந்து. எங்க டீம்ல ஆரம்பிச்சாச்சு. இப்போ பஸ்ல கம்பி எட்டுது.