பூமரமான பெண்

மனிதன் ஓநாயாக மாறும் கதை ஐரோப்பிய நாடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இன்று அது தொலைக்காட்சித் தொடராகவும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. 2011ஆம் ஆண்டு தொடங்கிய 'டீன் வுல்ஃப்' என்னும் அமெரிக்கத் தொடரின் நாயகன் ஸ்காட் ஒரு பள்ளி மாணவன். சினம் மூண்டு நெஞ்சு விரைந்து துடித்தால் அவனுக்கு நகமும் பல்லும் நீளும். அப்போது நண்பன் யார், பகைவன் யார் என்பது அவனுக்கு மறந்துபோகும். தன்னை இழக்காதிருக்க அவனுக்கு ஒரு 'நங்கூரம்' தேவை. அன்புக்குரியவரின் நினைவே அந்த நங்கூரம்.

உருமாறும் கதைகள் மைசூருவுக்குப் புதியன அல்ல. ஊரின் பெயரே எருமை வடிவெடுத்த மகிடாசுரனோடு தொடர்புடையது. ஆனால் அவ்வூர்க்காரர் ஒருவர் உலகுக்கு அளித்த கதை இவ்விரண்டினும் வேறானது.

ஏ. கே. இராமானுசன் 1929ஆம் ஆண்டு மைசூருவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். கீழ்த்தளத்தில் தாயாரோடு தமிழ், மாடியில் கணிதப் பேராசிரியரான தந்தையாரோடு ஆங்கிலம், தெருவில் கன்னடம். இப்படி மொழி மாறி மாறி வளர்ந்தவர், பின்னாளில் சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கன்னட நாட்டுப்புறக் கதைகளையும் திரட்டினார். அவற்றுள் ஒன்று இது.

ஏழைத் தாய்க்கு உதவ விரும்பிய இளைய மகள், தன்மேல் ஒரு குடம் நீரை ஊற்றும்படி அக்காளை வேண்டினாள். உடனே பூமரமானாள். கிளை நோகாமல் மலர்களைப் பறித்தபின் அக்காள் மற்றொரு குடம் நீரை ஊற்ற, அவள் மீண்டும் பெண்ணானாள். மலர்கள் அரண்மனையில் விலைபோயின. அரசிளங்குமரன் அவளை மணந்தான்.

அவனுடைய தங்கை வேடிக்கை பார்க்க விரும்பி, அவளை வற்புறுத்தி மரமாக்கினாள். தோழியர் கிளைகளை ஒடித்தனர். நீரையும் ஒழுங்காக ஊற்றாமல் ஓடிவிட்டனர். கையும் காலும் இல்லாத அரையுருவாய் அவள் தெருவில் கிடந்தாள். பேச்சும் எழவில்லை. பன்னாள் கழித்து வந்த கணவன் அருகில் இருந்தபோதுதான் அவளுக்குப் பேச்சு மீண்டது, நடந்ததைச் சொன்னாள். அவன் ஒடிந்த கிளைகளைப் பொருத்தி நீர் ஊற்றினான்.

ஓநாய்க் கதையில், மாறியவன் பிறரை என்ன செய்வானோ என்று அஞ்சுகிறோம். இங்கோ, மாறியவளைப் பிறர் என்ன செய்வார்களோ என்பதே அச்சம். இவள் தன்னை ஒருபோதும் மறக்கவில்லை. மீளும் வழி மட்டும் அவள் கையில் இல்லை, குடம் ஏந்தியவர் கையில் இருந்தது.

இக்கதையைத் தழுவி ஜான் ஆடம்ஸ் என்னும் அமெரிக்க இசையமைப்பாளர் 2006ஆம் ஆண்டு ஓர் இசை நாடகம் படைத்தார்.

சொற்பொருள்: மூண்டு – பெருகி எழுந்து, நோகாமல் – வலிக்காமல், பன்னாள் – பல நாள்.

விடை தருக:
1. இராமானுசன் எவ்வெவ்விடத்தில் எவ்வெம்மொழி பேசினார்? நீ எங்கெங்கே எம்மொழி பேசுகிறாய்?
2. ஸ்காட்டின் நங்கூரத்திற்கும் இரண்டாம் குடத்து நீருக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. அரையுருவாய்க் கிடந்த நாள்களில் அப்பெண் என்ன எண்ணியிருப்பாள்? ஐந்து தொடர்களில் எழுதுக.